சிறு நிலமும் அங்ககச் சான்றும்

நெல்லின் நிறத்தைக் கண்டு அதன் வகையைக் கூறலாம். கையில் அள்ளி அதன் ஈரத்தை மதிப்பிடலாம். பல்லில் கடித்துப் பார்த்து அதன் காய்ச்சலை அறியலாம். ஆனால் அந்நெல் விளைந்த வயலில் யூரியா இடப்பட்டதா, பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டதா என்பதைக் கண்ணாலோ கையாலோ நாவாலோ அறிய இயலாது. அடுத்த தெருவில் வாழும் உழவரிடம் நெல் வாங்குபவருக்கு இதனால் இடர் ஒன்றுமில்லை. அவர் அவ்வுழவரை அறிவார். அவருடைய வயலையும் நாள்தோறும் காண்கிறார். நூறு கல் தொலைவில், அல்லது கடலுக்கு அப்பால், அதே நெல்லை வாங்குபவரின் நிலை வேறு. அவருக்கு ஒரு சாட்சி வேண்டும். அச்சாட்சியே அங்ககச் சான்று எனப்படுவது.

இரசாயன உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் இன்றி, மண்ணின் உயிர்த்தன்மையை ஆதாரமாகக் கொண்டு செய்யப்படும் பயிர்த்தொழிலை மக்கள் இயற்கை வேளாண்மை என்று வழங்குகின்றனர். அரசாங்க ஏடுகள் அதனை அங்கக வேளாண்மை என்று குறிக்கின்றன. அத்தகைய வேளாண்மையை மேற்கொண்டிருப்போருள் பலர் சிறு நிலம் உடையவரே. 2015-16ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலப்பரப்பு 1.08 ஹெக்டேர். நூற்றுக்கு 86 பேர் 2 ஹெக்டேருக்கும் குறைந்த நிலமே உடையவர். இவ்வளவு சிறிய நிலத்துக்குச் சான்று பெறுவது எங்ஙனம்? அதற்கு ஆகும் காலம் எவ்வளவு? எங்கெல்லாம் தவறு நேரக்கூடும்? உழவரோடு நாள்தோறும் பழகும் களப்பணியாளர்களும் கிராம ஆசிரியர்களும் இவ்வினாக்களுக்கு விடை அறிந்திருத்தல் நலம். ஏனெனில், மூன்றாண்டுகள் நேர்மையாக உழைத்த ஒருவருடைய உழைப்பு, கவனக்குறைவாகப் பயன்படுத்திய ஒரே ஒரு சாக்கினாலும் வீணாகிவிடக்கூடும்.

சான்று எதனை உறுதி செய்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். விளைபொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அதில் நஞ்சின் எச்சம் இல்லை என்று கண்டால் அதற்கு அங்ககச் சான்று கிடைத்துவிடும் என்று பலர் கருதுகின்றனர். உண்மை அவ்வாறன்று. இரசாயன உரம் இட்டு வளர்த்த பயிரிலும் அறுவடையின்போது எச்சம் எதுவும் காணப்படாமல் இருக்கலாம். யூரியாவிலிருந்து வந்த தழைச்சத்தையும் சாணத்திலிருந்து வந்த தழைச்சத்தையும் பயிர் பெரும்பாலும் நைட்ரேட் அல்லது அம்மோனிய வடிவிலேயே உட்கொள்கிறது. ஆகவே விளைந்த மணியை மட்டும் சோதித்து உழவு முறையைக் கண்டறிவது எளிதன்று.

அங்ககச் சான்று விளைபொருளுக்கு அளிக்கப்படும் நற்சான்று அன்று. அது விளைவிக்கும் முறைக்கு அளிக்கப்படும் சான்று. நிலத்தைத் தயார் செய்தது முதல் மூட்டையைத் தைத்தது வரை ஒவ்வொரு செயலும் வகுக்கப்பட்ட விதிகளுக்கு இணங்கியே நடைபெற்றது என்பதனை அது கூறுகிறது. ஆய்வுக்கூடச் சோதனை, ஐயம் எழும் இடத்தில் உண்மையை அறிய உதவும் ஒரு துணைக்கருவி மட்டுமே. இக்கருத்து மனத்தில் பதிந்துவிட்டால், கணக்கேடும் நிலப்படமும் பயிர்த்திட்டமும் ஏன் இவ்வளவு வற்புறுத்தப்படுகின்றன என்பது தானே விளங்கும்.

நம் நாட்டிலுள்ள இரு வழிகள்

இத்துறையில் இந்தியாவுக்கு ஒரு பழைய உறவு உண்டு. 1924ஆம் ஆண்டு இந்தூரில் தொடங்கிய பயிர்த்தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் விஞ்ஞானி, பண்ணைக் கழிவுகளைச் சாணத்தோடும் மண்ணோடும் அடுக்கி, காற்றும் ஈரமும் அளவாகக் கிடைக்கச் செய்து மட்க வைக்கும் முறையைச் செப்பம் செய்தார். யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931இல் அவர் அதனை வெளியிட்டார். இந்தூர் முறை என்று உலகெங்கும் வழங்குவது இதுவே. எனினும் சான்று வழங்கும் ஏற்பாடு நம் நாட்டில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அமைந்தது.

இன்று இரு வழிகள் உள்ளன. முதலாவது, மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் 2001 முதல் நடைமுறையிலுள்ள தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். இதற்கு அபீடா என்னும் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் செயலகமாக விளங்குகிறது. இத்திட்டத்தில், அங்கீகாரம் பெற்ற ஒரு சான்றளிப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் வந்து நிலத்தையும் ஏடுகளையும் பார்வையிட்டுச் சான்று அளிப்பார். அத்தகைய நிறுவனங்களுள் தனியார் நிறுவனங்களும் மாநில அரசாங்க அமைப்புகளும் உண்டு. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் இயங்கும் அரசாங்கத்தின் அங்ககச் சான்றளிப்புத் துறை இவ்வகையைச் சேர்ந்தது. விளைபொருளை அயல்நாட்டுக்கு அனுப்ப விரும்புவோர் இவ்வழியிலேயே செல்ல வேண்டும். இத்திட்ட விதிகளின் எட்டாம் பதிப்பு 2025 ஜனவரியில் வெளியிடப்பட்டது.

இரண்டாவது, மத்திய வேளாண்மை அமைச்சகம் 2011இல் விதிமுறை வகுத்த பங்கேற்பு உறுதியளிப்பு முறை. இதனைப் பிஜிஎஸ் என்று சுருக்கமாகக் கூறுவர். இம்முறையில் வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு மாறாக, அண்டை அயலிலுள்ள உழவர்களே ஒருவர் நிலத்தை மற்றவர் ஆராய்ந்து உறுதி கூறுகின்றனர். ஒரே ஊரையோ அடுத்தடுத்த ஊர்களையோ சேர்ந்த ஐவரேனும் கூடி ஒரு குழுவாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொருவரும் விதிகளைக் காப்பதாக உறுதிமொழி அளிக்க வேண்டும். குழுவின் முடிவை மண்டலக் குழு ஒன்று சரிபார்க்கும். செலவு மிகக் குறைவு. எழுத்து வேலையும் எளிது. ஆனால் இச்சான்று உள்நாட்டுச் சந்தைக்கு மட்டுமே உரியது.

இவ்விரண்டனுள் எது மேலானது என்று வினவுவது பொருந்தாது. விளைபொருள் எங்கே விற்கப்படும் என்பதே வழியை முடிவு செய்யும். அருகிலுள்ள நகரத்தில் காய்கறி விற்பவருக்குப் பிஜிஎஸ் போதும். மிளகையோ எள்ளையோ ஏற்றுமதி வணிகரிடம் கொடுக்க எண்ணுபவர் முதல் வழியையே நாட வேண்டும்.

சட்ட நிலையையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். 2017ஆம் ஆண்டின் அங்கக உணவு ஒழுங்குவிதிகள், இவ்விரு முறைகளுள் ஒன்றின் சான்று இன்றி ஓர் உணவுப்பொருளை அங்ககப் பொருள் என்று கூறி விற்கலாகாது என்று விதித்தன. தாம் விளைவித்ததைத் தாமே நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் சிறு உழவருக்கு அவ்விதிகள் விலக்கு அளித்தன. பின்னர் வந்த ஆணை அவ்விலக்குக்கு ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் என்று எல்லை வகுத்தது. ஆகவே வீட்டு வாயிலில் விற்கும் சிறு உழவருக்குச் சான்று கட்டாயமன்று. இடையில் வணிகர் ஒருவர் வந்தால் கட்டாயமாகிறது.

மாறுதற் காலம்

இன்று இரசாயனத்தை நிறுத்தியவர் நாளையே அங்கக உழவர் ஆகிவிட முடியாது. இடையே ஒரு காலம் கழிய வேண்டும். இதனை மாறுதற் காலம் என்பர். தேசியத் திட்டத்தின் பொது விதிப்படி, நெல், கேழ்வரகு, எள் போன்ற பருவப்பயிர்களுக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், தென்னை, மா, மிளகு போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு முதல் அங்கக அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் கழிந்திருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவாக்கலாம். ஓர் உழவர் 2026 ஜூன் முதல் தேதியன்று பதிவு செய்துகொள்கிறார் என்க. அவ்வாண்டு அவர் விளைவிக்கும் கேழ்வரகை வழக்கமான பொருளாகவே விற்க வேண்டும். 12 மாதம் கழிந்தபின் விளைவதை, மாறுதற் காலத்து விளைவு என்று குறிப்பிட்டு விற்கலாம். 2028 ஜூன் முதல் தேதிக்குப் பின் விதைத்து அறுத்தது மட்டுமே முழு அங்ககக் கேழ்வரகு. விதைத்த நாளே இங்குக் கணக்கு. அறுத்த நாள் அன்று. 2028 மே மாதத்தில் விதைத்துச் செப்டம்பரில் அறுப்பவர் ஒரு மாத அவசரத்தால் ஒரு போக விலையை இழப்பார். இதனைப் பலர் கவனிப்பதில்லை.

இக்காலம் ஏன் வேண்டும்? இதற்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, மண்ணில் எஞ்சியுள்ள நஞ்சு குறைய வேண்டும். ஆனால் எல்லா நஞ்சும் இரண்டு ஆண்டுகளில் மறைந்துவிடுவதில்லை. டி.டி.டி. போன்ற குளோரின் கலந்த நஞ்சுகள் மண்ணில் பாதி அளவாகக் குறைவதற்கே இடத்துக்கு ஏற்ப 2 முதல் 15 ஆண்டுகள் வரை ஆகலாம். இத்தகைய மருந்துகள் முன்பு மிகுதியாகத் தெளிக்கப்பட்ட நிலமாயின், மண்ணைச் சோதித்து அறிந்துகொள்வது உழவருக்கே நன்மை.

இரண்டாவது காரணம் இதனினும் முக்கியமானது. இரசாயன உரத்துக்குப் பழகிய மண்ணில், சத்துகளை மெல்ல மெல்ல விடுவிக்கும் நுண்ணுயிர்களின் தொழிற்பாடு மீண்டும் வலுப்பெறக் காலம் வேண்டும். இக்கணக்கைப் பாருங்கள். 45 கிலோ எடையுள்ள ஒரு யூரியா மூட்டையில் ஏறத்தாழ 20.7 கிலோ தழைச்சத்து உண்டு. அது சில நாட்களிலேயே பயிருக்குக் கிட்டுகிறது. தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு எனக் கொண்டால், 10 டன் எருவில் 50 கிலோ இருக்கும். ஆனால் அதில் ஒரு பகுதியே முதல் பருவத்தில் பயிருக்கு உதவும். எஞ்சியது பின்வரும் பருவங்களில் வெளிப்படும். ஆகவே முதல் ஆண்டில் பயிர் வெளிறித் தோன்றுவதில் வியப்பில்லை. அந்நேரத்தில் மனந்தளர்ந்து ஒரு மூட்டை யூரியாவை வாங்கி இட்டவர்களுக்கு, அன்றிலிருந்து காலக்கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இதற்கு மாற்று உண்டு. நெல் நடுவதற்கு முன் தக்கைப்பூண்டையோ சணப்பையோ விதைத்து, ஏறத்தாழ 45 நாட்களில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால், நல்ல வயலில் ஹெக்டேருக்கு 60 முதல் 100 கிலோ வரை தழைச்சத்து சேரும். இது மூன்று முதல் ஐந்து யூரியா மூட்டைகளுக்கு ஈடு. பயறு வகைகளை மாற்றுப்பயிராகக் கொள்வதும், நெல் வயலில் அசோலா வளர்ப்பதும் இவ்வகையில் துணைபுரிவன. மாறுதற் காலத்தின் முதலாண்டில் பசுந்தாள் உரத்தைத் தவறவிடாதவர், அக்காலத்தை எளிதில் கடப்பார்.

நிலப்படமும் காப்பு இடைவெளியும்

விண்ணப்பத்தோடு தர வேண்டியவற்றுள் நிலப்படம் தலையாயது. சர்வே எண்ணும் பரப்பும் மட்டும் போதா. தண்ணீர் எத்திசையிலிருந்து வருகிறது, எத்திசையில் வடிகிறது, அண்டை வயல்களில் என்ன பயிர் விளைகிறது, அவற்றில் மருந்து தெளிக்கப்படுகிறதா, கிணறு எங்கே, எருக்குழி எங்கே, களம் எங்கே, சேமிப்பறை எங்கே என்பன யாவும் அதில் காணப்பட வேண்டும்.

சிறு நிலத்துக்குப் பெரிய இடர் அண்டை நிலமேயாகும். நாற்பது ஏக்கர் பண்ணையின் நடுவே விளையும் பயிரை அயலார் தெளிக்கும் மருந்து அணுகாது. ஓர் ஏக்கர் நிலத்துக்கோ நான்கு புறமும் அயலாரே. காற்று வீசும் வேளையில் அடுத்த வயலில் தெளிக்கப்படும் பருத்தி மருந்து வரப்பைக் கடந்து வந்துவிடும். ஆதலால் நிலத்தின் ஓரத்தில் ஒரு காப்பு இடைவெளி விட வேண்டும். அதன் அகலத்தை இடத்தின் நிலைமைக்கு ஏற்ப ஆய்வாளர் முடிவு செய்வார். அவ்விடைவெளியில் பயிர் செய்யலாம். ஆனால் அதில் விளைந்ததைத் தனியே அறுத்து, தனியே அடித்து, வழக்கமான பொருளாகவே விற்க வேண்டும். அதற்கும் கணக்கு எழுத வேண்டும். கிளைரிசிடியா, அகத்தி முதலியவற்றை வரப்போரம் நெருக்கமாக நட்டு உயிர்வேலி அமைத்தால், அது காற்றையும் தடுக்கும், தழையும் தரும்.

நீர் வழியாக வரும் இடர் இதனினும் கடினமானது. மேல்வயலில் இட்ட உரம் கரைந்து வாய்மடை வழியே கீழ்வயலுக்கு வரும் பகுதிகளில், தனி வாய்க்கால் வெட்டுவதே சிறந்தது. அது இயலாதபோது, நீர் நுழையும் இடத்தில் சிறு பள்ளம் ஒன்றை அமைத்து, கல்வாழை, வெட்டிவேர் போன்ற செடிகளை நட்டு, நீர் அதில் தங்கிச் செல்லுமாறு செய்யலாம். இது சத்துகளின் ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்ளும். முழுக்காப்பு அளிக்கும் என்று கருதிவிடக்கூடாது. அடுத்தடுத்த உழவர்கள் ஒன்றுசேர்ந்து மாறுவதே இதற்கு உண்மையான தீர்வு. குழுவாகச் சேருவதன் முதற்பயன் இதுவே.

விதை முதல் சாக்கு வரை

விதிகள் யூரியாவையும் பூச்சிமருந்தையும் விலக்குவதோடு நின்றுவிடுவதில்லை. பூசணக்கொல்லி கலந்த வண்ண விதையும், மரபணு மாற்றப்பட்ட விதையும் விலக்கப்பட்டவை. பருத்தி பயிரிடுவோர் இதில் மிக எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஏனெனில் கடைகளில் கிடைக்கும் பருத்தி விதையில் பெரும்பகுதி பிடி வகையைச் சேர்ந்தது. நகரக் கழிவுநீர்ச் சேற்றை எருவாக இடலாகாது. வேம்பு, மீன், மோர் முதலியவற்றால் ஆன கலவைகளும், ரைசோபியம் போன்ற நுண்ணுயிர்களும், டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணியும், இனக்கவர்ச்சிப் பொறியும் ஏற்கத்தக்கவை. தாமிரம் சேர்ந்த போர்டோக் கலவை போன்றவை கட்டுப்பாட்டோடு மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன.

இவற்றைப் பெரும்பாலோர் அறிவர். தவறு நேர்வது வேறு இடங்களில். களைக்கொல்லி தெளித்த தெளிப்பானை இரவல் வாங்கி வேப்பங்கரைசல் தெளிப்பது ஒன்று. அடுத்த ஊரில் அறுவடை செய்துவிட்டு நேரே வரும் அறுவடை எந்திரத்தைத் துப்புரவு செய்யாமல் வயலில் இறக்குவது மற்றொன்று. முதல் சில மூட்டைகளில் அயல் நெல் கலந்துவிடும். உரம் வந்த சாக்கில் தானியத்தைக் கட்டுவதும், சேமிப்பறையில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பதும் மிகப் பெரிய தவறுகள். ஒரே உழவர் ஒரே வகை நெல்லை ஒரு வயலில் அங்கக முறையிலும் மற்றொரு வயலில் இரசாயன முறையிலும் பயிரிடுவதும் தகாது. களத்தில் இரண்டையும் வேறுபடுத்திக் காண வழியில்லை.

அறுவடைக்குப் பின் நேரும் தவறு எவ்வளவு தொலைவு எட்டும் என்பதனை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. 2020ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற எள்ளில் எத்திலீன் ஆக்ஸைடு என்னும் பொருளின் எச்சம் கண்டறியப்பட்டது. அது வயலில் தெளிக்கப்படுவதன்று. சேமிப்பிலும் பதனிடுதலிலும் கிருமிகளை அழிக்கப் புகையூட்டப்படும் வாயு. அங்ககச் சரக்கென்று அனுப்பப்பட்ட எள்ளிலும் அது காணப்பட்டது. இதன் தொடர்ச்சியாக, 2021ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் இயங்கிய சில சான்றளிப்பு நிறுவனங்களுக்கு அளித்திருந்த ஏற்பை ஐரோப்பிய ஒன்றியம் விலக்கிக்கொண்டது. அந்நிறுவனங்களிடம் பதிவு செய்திருந்த உழவர்கள், தம் வயலில் எத்தவறும் செய்யாதபோதும், வேறு நிறுவனத்தை நாட வேண்டியவராயினர். சான்று என்பது ஒரு சங்கிலி. அதன் எந்தக் கண்ணி அறுந்தாலும் இழப்பு முதலில் உழவரையே சேருகிறது.

கணக்கேடு

உழவர் பலர் சான்றுக்கு அஞ்சுவது நிலத்தால் அன்று, ஏட்டினால். ஆனால் கணக்கேடு உண்மையில் எளியதே. தேதி, வயல், செய்த வேலை, இட்ட பொருள், அதன் அளவு, அது வந்த இடம் என்னும் ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு குறிப்பேடு போதும். விதை வாங்கிய ரசீது, எரு வாங்கிய ரசீது, விற்ற சீட்டு ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு வைக்க வேண்டும். அறுவடையின் எடையும், வீட்டுக்கு வைத்துக்கொண்ட அளவும், விற்ற அளவும், இருப்பும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

ஆய்வாளர் முதலில் பார்ப்பது இப்பொருத்தத்தையே. ஓர் ஏக்கரில் 18 மூட்டை விளைந்ததாக ஏடு கூற, 25 மூட்டை விற்றதாகச் சீட்டு இருப்பின், எஞ்சிய 7 மூட்டை எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி எழும். மறதியால் எழுதாமல் விட்டதும் வேண்டுமென்றே கலந்ததும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே அன்றன்று எழுதுவதே உழவருக்குப் பாதுகாப்பு. ஆய்வுக்கு முதல் நாள் அமர்ந்து ஓராண்டுக் கணக்கை ஒரே மையில் எழுதினால் அதனைக் கண்டுகொள்வது ஆய்வாளருக்கு அரிதன்று.

ஆய்வும் குழுவும்

விண்ணப்பம், நிலப்படம், நில ஆவணம், மண் மற்றும் நீர்ச் சோதனை அறிக்கை, ஆண்டுப் பயிர்த்திட்டம் ஆகியவற்றைக் கட்டணத்தோடு அளித்தபின் ஆய்வாளர் வருவார். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இவ்வாய்வு நடைபெறும், முன்னறிவிப்பின்றியும் வரலாம். குறைகள் காணப்பட்டால் அவற்றைத் திருத்தக் காலம் அளிக்கப்படும். தகுதி உண்டெனக் கண்டால் ஸ்கோப் சான்று வழங்கப்படும். அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இது தவிர, சரக்கு கைமாறும்போது அச்சரக்கின் அளவைக் குறித்த பரிவர்த்தனைச் சான்று ஒன்றும் பெற வேண்டும். இவை யாவும் டிரேஸ்நெட் என்னும் மின்வலைப் பதிவேட்டில் ஏறுகின்றன. ஏற்றுமதியான ஒரு மூட்டையைக் கொண்டு அது விளைந்த இடத்தைப் பின்தொடர்ந்து அறிய இதனால் இயலும்.

ஒரு ஹெக்டேர் உடையவர் தனியே இக்கட்டணத்தைத் தாங்குவது கடினம். ஆதலால் தேசியத் திட்டம் குழுச் சான்றுக்கு இடம் தந்துள்ளது. ஒரு குழுவில் 25 முதல் 500 பேர் வரை இருக்கலாம். குழு தனக்கென ஓர் உட்கட்டுப்பாட்டு முறையை அமைத்து, தன் ஆய்வாளரைக் கொண்டு ஒவ்வோர் உறுப்பினரின் நிலத்தையும் ஆராய வேண்டும். வெளி ஆய்வாளர் அவர்களுள் சிலரை மட்டும் தேர்ந்து ஆராய்ந்து, உள்ளாய்வு செவ்வையாக நடைபெற்றதா என்று காண்பார். உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை அளவாகக் கொள்வது நெடுங்காலம் வழங்கிவந்த முறை. 100 பேர் கொண்ட குழுவில் 10 பேரின் நிலம். 400 பேர் கொண்ட குழுவில் 20 பேரின் நிலம். இடர் மிகுந்த இடங்களில் இவ்வெண் கூடும். வகுப்பில் வர்க்கமூலம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

செலவு பங்கிடப்படுவதுபோலவே பொறுப்பும் பங்கிடப்படுகிறது. பத்துப் பேரில் ஒருவரிடம் விதிமீறல் காணப்பட்டு, குழுவின் உள்ளாய்வு அதனை முன்னரே கண்டு எழுதியிருந்தால், அவர் மட்டும் விலக்கப்படுவார். உள்ளாய்வு அதனைக் காணாமலோ மறைத்தோ விட்டிருந்தால், குழு முழுவதன் சான்றும் ஐயத்துக்கு உள்ளாகும். எனவே அயலாரின் தவற்றைச் சுட்டிக்காட்டுவது பகைமை ஆகாது. அது குழுவைக் காக்கும் கடமையே ஆகும். பிஜிஎஸ் குழுக்களுக்கும் இது பொருந்தும். இருவர் ஒருவர்க்கொருவர் மாறிமாறிச் சான்று கூறிக்கொள்ளும் பழக்கம் ஏற்படாதவாறு, ஆய்வுப் பொறுப்பைச் சுழற்சியாக அமைத்தல் வேண்டும்.

சிக்கிமும் நிக்கோபாரும்

ஒரு மாநிலமே இவ்வழியில் சென்ற வரலாறு நம் நாட்டில் உண்டு. சிக்கிம் மாநிலச் சட்டமன்றம் 2003இல் அங்கக வேளாண்மைக்கு மாறும் கொள்கையை அறிவித்தது. உர மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2010இல் சிக்கிம் அங்கக இயக்கம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 75,000 ஹெக்டேர் நிலம் சான்று பெற்றது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் இரசாயன இடுபொருள்களைக் கட்டுப்படுத்தியது. 2016 ஜனவரி 18ஆம் நாள் காங்டாக்கில் சிக்கிம் முழு அங்கக மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 2018இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகள் எதிர்காலக் கொள்கைக்கான தங்க விருதை அதற்கு வழங்கின.

சிக்கிமுக்கு ஓர் இயற்கை வாய்ப்பும் இருந்தது. அங்கு இரசாயன உரத்தின் பயன் முன்னரே மிகக் குறைவு. அம்மலைச் சரிவுகளில் பெரிய ஏலம் வளரும் தோட்டங்களில் ஆல்டர் மரங்கள் நிழல் தருகின்றன. அம்மரத்தின் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர், பயற்றுச் செடியில் ரைசோபியம் செய்வதுபோலவே, காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துகிறது. யூரியா அறிமுகமாவதற்கு முன்னரே யூரியாவின் வேலையை அம்மரம் செய்துவந்தது.

இரசாயனம் என்றுமே நுழையாத நிலத்துக்கு நெடிய மாறுதற் காலம் எதற்கு என்னும் கேள்வி இயல்பாக எழும். இதற்கென மத்திய அரசாங்கம் பெரும்பரப்புச் சான்று என்னும் ஏற்பாட்டைச் செய்தது. அதன்படி 2021ஆம் ஆண்டு கார் நிக்கோபார், நான்கௌரி தீவுக் கூட்டங்களில் 14,491 ஹெக்டேர் நிலம் சான்று பெற்றது. இத்தகைய பகுதி நாட்டில் அதுவே முதலாவது. 2015-16இல் தொடங்கிய பரம்பராகத் வேளாண் வளர்ச்சித் திட்டமோ, சமவெளிகளில் 20 ஹெக்டேர் கொண்ட தொகுதிகளாக உழவர்களை ஒன்றுசேர்த்து, பிஜிஎஸ் சான்று பெற நிதியுதவி அளிக்கும் நோக்குடையது.

வரவும் செலவும்

உழவரிடம் நன்மையை மட்டும் கூறி இழப்பை மறைப்பது களப்பணியாளருக்கு அழகன்று. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் நேச்சர் இதழில் வெளியான கட்டுரை, அங்கக முறையில் விளைச்சல் பயிருக்கும் சூழ்நிலைக்கும் ஏற்ப நூற்றுக்கு 5 முதல் 34 வரை குறைவு என்று கண்டது. மானாவாரி நிலத்தில் பயறும் சிறுதானியமும் விளைவிப்பவருக்கும், பாசன நிலத்தில் மிகுந்த உரமிட்டு நெல் விளைவிப்பவருக்கும் இழப்பு ஒன்றாக இராது. மாறுதற் காலத்தில் விளைச்சலும் குறையும், கூடுதல் விலையும் கிடைக்காது. அதனைத் தாங்க வழியுண்டா என்று எண்ணிப் பார்த்தே இறங்க வேண்டும். நிலம் முழுவதையும் ஒரே ஆண்டில் மாற்றாமல், வேறு வேறு பயிர்களைக் கொண்டு பகுதி பகுதியாக மாற்றும் திட்டத்தைச் சான்றளிப்பு நிறுவனத்தோடு கலந்து வகுக்கலாம்.

சான்று சந்தையைத் தேடித் தருவதில்லை. சந்தையின் வாயிலைத் திறந்துவிடுகிறது, அவ்வளவே. வாங்குவோரை முன்னரே கண்டறியாமல் சான்று பெற்றவர், அங்ககப் பொருளை வழக்கமான விலைக்கே விற்க நேரிடும். ஆயினும் வெளியிலிருந்து வாங்கும் உரத்துக்கும் மருந்துக்கும் ஆகும் செலவு குறைவதும், நஞ்சைக் கையாளும் இடர் நீங்குவதும் கணக்கில் சேர்க்கத்தக்க வரவுகளே.

நாம் செய்யத்தக்கவை

களப்பணியாளர்கள் உழவரிடம் முதலில் கேட்க வேண்டியது, கடைசியாக இரசாயனம் இட்ட நாள் எது, விளைபொருளை எங்கே விற்க எண்ணம் என்னும் இரு வினாக்களே. இவற்றின் விடை கிடைத்தால் வழியும் காலமும் தெளிவாகும். பின்னர் அண்டை உழவரையும் அழைத்து, நீர்வழியையும் காற்றுத்திசையையும் நிலத்தில் நின்றே காட்டி, குழுவாகச் சேர ஊக்க வேண்டும். தெளிப்பானும் சாக்கும் தனியே இருக்கின்றனவா என்று ஒவ்வொரு வருகையிலும் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்களால் ஆகும் உதவி இதனினும் குறைந்ததன்று. நிலப்படம் வரைதலை நில அளவைப் பாடத்தின் செய்முறையாகக் கொள்ளலாம். மாணவர் தம் வீட்டு நிலத்தின் கணக்கேட்டை வாரந்தோறும் எழுதிவருமாறு செய்யலாம். எழுத்தறியாத பெற்றோருக்கு அது பேருதவி. அறுவடை, விற்பனை, இருப்பு ஆகியவற்றைப் பொருத்திப் பார்ப்பது நல்ல கணக்குப் பயிற்சி. பயற்றுச் செடியின் வேரைப் பிடுங்கி முடிச்சுகளை நறுக்கி, உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தோன்றினால் அவை தொழிற்படுகின்றன என்று காட்டுவது நல்ல விஞ்ஞானப் பாடம்.

நேர்மையாக உழும் சிறு உழவர் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்களுடைய நேர்மையைத் தொலைவில் உள்ளவர் அறியச் செய்வது எழுத்தும் சாட்சியும் மட்டுமே. அவ்வெழுத்தை அவர்களுக்குக் கற்பித்து, அச்சாட்சிக்கு அவர்களைத் தகுதியுடையவராக்குதல், கிராமத்தில் பணிபுரியும் நம் ஒவ்வொருவரின் கடமையுமாகும்.